பெயின்ட் காயாத வள்ளம்

அன்று காலை கீழவைப்பார் கரையில் நின்ற மீன்பிடி வள்ளங்களிலேயே ரெமிஜியுஸின் வள்ளம்தான் அழகாக இருந்தது. அந்த அழகைப் பார்த்ததும் விஜிலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். விஜிலா இந்த ஊர்ப் பெண். பெங்களூரில் விமானம் செய்கிற கம்பெனியில் இருந்தவள். அதை விட்டுவிட்டு வந்து, காயல்பட்டினத்து முஆத்தோடு சேர்ந்து, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் ஆள் இல்லாமல் பறக்கிற குட்டி விமானம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். நடுக்கடலில் யாருக்காவது நெஞ்சு வலி வந்தால், கரையிலிருந்து மருந்துப் பெட்டியைத் தூக்கிப் போய் வள்ளத்தின் மேலேயே இறங்கிக் கொடுத்துவிடும். விமான ஆராய்ச்சிக்கென்று மத்திய அரசு ஒதுக்குகிற நிதியில் இவர்களுக்கும் ஒரு சின்னப் பங்கு கிடைத்தது. அது முதல் தவணைதான். மிச்சத்துக்கு ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். ஆடுகிற வள்ளத்தில், பெட்டிக்குள் ஒன்றும் உடையாமல் விமானம் இறங்கினால் இன்னும் இரண்டு வருஷம் வேலை நடக்கும். இல்லாவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டு விஜிலா பெங்களூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

குழு வருகிற நாள்தான் அன்று.

விமானத்துக்கு இறங்கும் இடம் தெரிய ஓர் அடையாளம் வேண்டும். வெள்ளைச் சதுரத்துக்குள் கறுப்புக் கட்டங்கள். ரெமிஜியுஸ் வள்ளத்தின் முன்பக்கப் பலகையில் விஜிலாவே அதை வரைந்திருந்தாள். மாசக்கணக்கில் அதன் மேல்தான் இறக்கிப் பழக்கியிருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் பளபளவென்று மஞ்சள் பெயின்ட், ஓரத்தில் கிளிப்பச்சை, நடுவில் ஒரு தாமரைப்பூ.

"ஏளா, டெல்லியிலேர்ந்து ஆளு வாராவன்னு சொன்னேல்லா. நம்ம வள்ளத்துல அந்தக் கறுப்புக் கட்டம் துட்டி வீட்டுல ஒட்டுத சாவு போஸ்டர் மாதிரி இருந்துச்சு. அதான் நேத்து சாயந்தரம் அடிச்சு மறைச்சிட்டேன்" என்றார் ரெமிஜியுஸ். இந்தக் கரையில் திருவிழா என்றாலும் விருந்தாளி என்றாலும் வள்ளத்துக்குப் புதுப் பெயின்ட் விழும். அவர் மேல் தப்புச் சொல்ல முடியுமா? விஜிலாவுக்கு முறைக்குத் தாய்மாமன் வேறு.

முஆத் மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். "அண்ணாச்சி, அதப் பாத்துத்தானே அது எறங்கும்."

"இம்புட்டுப் பெரிய வள்ளம் நிக்கி. அதுக்குக் கண்ணு தெரியாதாக்கும்?"

பேட்டரி கோளாறு என்று சொல்லி வேறு நாள் கேட்போம் என்றான் முஆத். விஜிலாவுக்கு மனசு வரவில்லை. குழு காரிலிருந்து இறங்கியதும் நேரே போய் நடந்ததைச் சொன்னாள். குழுவின் தலைவர் ஹேமாம்புஜம், தென்திருப்பேரையில் பிறந்தவர், விமானத்தோடேயே தலை நரைத்த விஞ்ஞானி. வள்ளத்தையும் தாமரைப்பூவையும் நிதானமாகப் பார்த்தார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"பூ நன்னாத்தான் இருக்கு. நான் ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு வேற யாரோ ஒருத்தருக்கு நடுக்கடல்ல நெஞ்சு வலிக்கறது. அந்த வள்ளத்துல உன் கட்டம் இருக்குமா?"

இத்தனை மாசமும் ஒரே வள்ளத்தில் இறக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில் விஜிலாவுக்கு இது தோன்றவே இல்லை. ஊரில் உள்ள வள்ளம் எல்லாவற்றிலும் போய் அவள் வரைந்துகொண்டிருக்க முடியுமா? வரைந்தாலும் அடுத்த திருவிழாவுக்கு மறுபடி பெயின்ட் விழும். அடையாளம் வள்ளத்தில் இருக்கக் கூடாது. வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது சுருட்டி வைக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

விருந்தாளிக்காக ரெமிஜியுஸ் ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளை வேட்டியைக் கட்டியிருந்தார். அவள் கண் அதன் மேல் போனது.

"மாமா, வேட்டியக் கழத்துங்க."

மீன் ஏலத்துக்கு நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டெல்லிக்காரங்க வந்து முதல்ல மாமா வேட்டியத்தான் உருவுதாவ என்று ஒருத்தி சொல்ல, கரையே சிரித்தது. நல்லவேளை, உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது. ரெமிஜியுஸ் முனகிக்கொண்டே அவிழ்த்துக் கொடுத்தார். கறுப்புக் கட்டங்களுக்குப் பழைய லாரி டியூப் ஒன்றைக் கட்டம் கட்டமாக வெட்டினார்கள். வலை தைக்கிற ஊசியும் நைலான் நூலும் கொண்டு முஆத்தும் வள்ளத்து ஆட்களும் அதை வேட்டியில் தைத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

குழுவையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போனதும் முஆத்துக்குப் புதுக் கவலை. காற்று வேட்டியைத் தூக்கிவிட்டால்? விரித்துப் பார்த்தார்கள். பெயின்ட் இன்னும் காயவில்லை. வேட்டி பலகையோடு ஒட்டிக்கொண்டது, இழுத்தாலும் வரவில்லை. ரெமிஜியுஸ் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. இதுக்காகத்தான் நேற்று அடித்தேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கூசாமல் சொல்லிக்கொண்டார்.

விஜிலா கையிலிருந்த ரிமோட்டை அழுத்தியதும் கரைப்பக்கமிருந்து விமானம் தேனீ மாதிரி இரைந்துகொண்டு வந்தது. வள்ளத்துக்கு மேலே வந்து நின்று தேடியது. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது, அதுவும் சாய்ந்தது. ஒரு பெரிய அலை வந்தபோது மேலே எழும்பி விலகிவிட்டது. அலை தாழ்ந்ததும் திரும்பி வந்து வேட்டியின் நடுக்கட்டத்தில் மெல்ல உட்கார்ந்தது.

பெட்டியை ஹேமாம்புஜமே திறந்தார். கண்ணாடி மருந்துக் குப்பிகளுக்குப் பதிலாக முஆத் தூத்துக்குடி மக்ரூனை நிரப்பியிருந்தான். விரல் அழுத்தினாலே நொறுங்குகிற சாமான். ஒன்றுகூட உடையவில்லை. அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு வருஷத்துக்கும் கொடுக்கலாம்னு எழுதறேன். ஆனா அடுத்த தடவை நீ முன்னப் பின்னப் பாக்காத வள்ளத்துல இது இறங்கணும். சரியா?"

விஜிலா தலையாட்டினாள். ரெமிஜியுஸ் வயர்லெஸ் மைக்கை எடுத்து, தன் வேட்டியில் விமானம் இறங்கிய கதையை அந்தப் பக்கத்துக் கடல் முழுக்கச் சொல்லி முடித்தார். உடனே எங்கள் வள்ளத்துக்கு அனுப்பு, எங்கள் வள்ளத்துக்கு அனுப்பு என்று நாலு பக்கமும் குரல். ஒரு குரல் மட்டும் கொஞ்சம் தயங்கியது.

"எங்ககிட்ட வேட்டி இல்ல, லுங்கிதான் கெடக்கு. எறங்குமா?"

விஜிலா மைக்கை வாங்கினாள். "என்ன லுங்கி, அண்ணாச்சி? கட்டம் போட்டதா, பூப்போட்டதா?"