அடையாளம் கேட்ட வீடு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாலிகண்டபுரத்தில் கருப்பண்ணன் வீட்டில் கூடியவர்கள் ஐந்து பேர். உபதேசியார் சாமிதுரை, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவருக்கு எதிரே கருப்பண்ணன் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி செல்வம்மாள் அடுப்பங்கரை வாசற்படியில், பால் பொங்கினால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில். கருப்பண்ணனின் தங்கை பூமாலை கதவோரம், தெருவில் யார் போனாலும் தெரிகிற இடத்தில். மகள் மலர்க்கொடி தையல் மிஷின் பக்கத்தில் நின்றாள். பேசப்போவது அவள் கல்யாணம் என்பதால் அவளுக்கு உட்கார இடம் வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை அரியலூரிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை செல்லப்பன் ரயில்வேயில் கேட் கீப்பர். சபைக்குப் போகிற குடும்பம். எல்லாம் பொருத்தம்தான். ஆனால் அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, பையன் குடிப்பான் என்று பருத்தி மண்டியில் ஒருத்தர் கருப்பண்ணன் காதில் போட்டுவிட்டார். அது அன்று சாயங்காலமே செல்வம்மாளுக்கும் பூமாலைக்கும் தெரிந்து, மறுநாள் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு கிண்டிக்கொண்டிருந்த மலர்க்கொடியிடம் வந்து சேர்ந்தது. அரியலூருக்கு ஒரு நடை போய் விசாரித்தால் தீர்ந்தது. கருப்பண்ணன் ஒப்பவில்லை. மனுஷரைக் கேட்பது அவிசுவாசம், கர்த்தரைக் கேட்போம் என்றார். விசாரித்தால் மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்வார்கள் என்ற பயமும் அவருக்கு இருந்தது. அதை ஜெபத்தில்கூட அவர் சொல்லவில்லை.

"கர்த்தர் என்ன சொன்னாரு?" என்று உபதேசியார் ஆரம்பித்தார்.

"நான் ஒரு அடையாளம் கேட்டிருந்தேங்க," என்றார் கருப்பண்ணன். "அவங்க மத்தியான பஸ்சுல வந்து இறங்கினா கர்த்தரோட சித்தம்னு எடுத்துக்கறேன்னு."

"இறங்கினாங்களா?"

"அதே நேரத்துக்குத்தான் வந்தாங்க. ஆனா பஸ் டவுனைத் தாண்டினதும் நின்னுபோச்சு. வெங்காய லாரியில ஏறி வந்தாங்க."

உபதேசியார் யோசித்தார். "டிக்கெட் பஸ்சுக்குத்தானே எடுத்தாங்க?"

"பஸ்சுக்குத்தான்."

"அப்ப பாதி சித்தம்."

"பொண்ணையும் பாதியா கட்டிக்குடுக்கிறதுங்களா?" என்றாள் பூமாலை.

செல்வம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கேசரிய ரெண்டாந்தரம் அவரா கேட்டு வாங்கினா சித்தம்னு சொல்லியிருந்தேங்க. வாய்விட்டுக் கேக்குற புள்ள மனசுல ஒண்ணும் ஒளிக்காதுல்ல."

"கேட்டாரா?"

"கேக்குறதுக்குள்ள இவ கொண்டாந்து தட்டுல வச்சிட்டா."

"தட்டு காலியா கெடக்குது, பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா அண்ணி? கர்த்தர்கிட்ட சொன்னதை என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சரி, நீ என்ன கேட்ட?" என்றார் கருப்பண்ணன் தங்கையிடம்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள மழை பேஞ்சா சித்தம்னு கேட்டேன். பெரம்பலூர்ல பேஞ்சுதாம். இங்க சொட்டு இல்ல."

"எந்த ஊருன்னு சொல்லிக் கேட்டியாம்மா?" என்றார் உபதேசியார்.

"ஊர் சொல்லலைங்க. அவருக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்."

உபதேசியார் அதற்குமேல் துருவவில்லை. ஜிப்பாப் பையிலிருந்து காகிதம் எடுத்து இரண்டாகக் கிழித்தார். ஒன்றில் 'ஆம்', ஒன்றில் 'இல்லை' என்று எழுதிச் சுருட்டி ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கினார். சபையில் காணிக்கைப் பையை யார் எடுப்பது என்கிற தகராறையெல்லாம் அவர் இப்படித்தான் தீர்த்துவைத்திருந்தார்.

"கண்ண மூடிக்கிட்டு எடும்மா."

மலர்க்கொடி கை நீட்டவில்லை. 'ஆம்' வந்து அவன் குடிகாரனாக இருந்தால், காலத்துக்கும் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு இது கர்த்தருடைய சித்தம் என்று அழவேண்டும். 'இல்லை' வந்து அவன் குடிக்காதவனாக இருந்தால், அந்தச் சேதி அவளுக்குத் தெரியவே வராது. வியாழக்கிழமை போகும்போது எல்லோரும் படலைத் திறந்துபோட்டுவிட்டுப் போக, கடைசியாகப் போன செல்லப்பன் திரும்பி வந்து அதைச் சாத்திக் கயிறு மாட்டிவிட்டுப் போனான். வேலைப் பழக்கமாக இருக்கலாம். அவளுக்குப் பிடித்திருந்தது.

"நானும் ஜெபம் பண்ணினேங்க," என்றாள்.

"நீ என்ன அடையாளம் கேட்ட?"

"அடையாளம் கேக்கல. நீங்க குடிப்பீங்களான்னு அவருக்கே எழுதிக் கேக்க எனக்குத் தைரியம் குடுங்கன்னு கேட்டேன்."

பால் பொங்கி வழிந்தது. செல்வம்மாள் எழுந்திருக்கவில்லை.

"பொண்ணு எழுதிக் கேக்குறதா?" என்றார் கருப்பண்ணன். "சம்பந்தம் கலைஞ்சிடும்."

"கலைஞ்சா கர்த்தர் பாத்துக்குவாருப்பா. தெனமும் நீங்கதான் சொல்றீங்க."

"அது வேற பேச்சு."

"எனக்கும் பயமாத்தான் இருக்குப்பா. அவர் பாத்துக்குவாருன்னு இருக்கறதாலதான் எழுதறேன்."

கருப்பண்ணன் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் டம்ளரைப் பார்த்தார். பிறகு சீட்டுகளைக் கையில் கொட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "எழுதட்டும். ஆனா முறையா எழுதணும்," என்றார்.

மலர்க்கொடி தையல் மிஷின் பலகைமேல் இன்லேண்டு லெட்டரை விரித்தாள். 'கர்த்தருக்குள் பிரியமான' என்று தொடங்கவேண்டும் என்றார் உபதேசியார். 'பிரியமான' இப்போதே வேண்டாம் என்றார் கருப்பண்ணன். 'மதிப்பிற்குரிய' என்று முடிவானது. எல்லோர் சுகத்தையும் விசாரிக்கச் சொன்னாள் செல்வம்மாள். வெங்காய லாரியில் வந்ததில் உடம்பு வலி ஏதும் உண்டா என்று கேட்கச் சொன்னாள் பூமாலை. பக்கம் முக்காலும் இதிலேயே போயிற்று. மீதி இடத்தில் மலர்க்கொடி யாரையும் கேட்காமல் எழுதினாள்: 'நீங்கள் குடிப்பதாக இங்கே ஒருவர் சொன்னார். உண்மையா என்று எழுதுங்கள். உண்மை என்றாலும் அதையே எழுதுங்கள்.'

உபதேசியார் கடிதத்தின்மேல் கை வைத்து ஜெபித்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வந்தா அதையே உம்முடைய அடையாளமா—" என்னும்போது மலர்க்கொடி, "ஆமென்," என்றாள் சத்தமாக. பழக்கதோஷத்தில் மற்றவர்களும் ஆமென் சொல்ல, ஜெபம் முடிந்துபோயிற்று.

பசை காய்ந்து மடிப்பு ஒட்டவில்லை. செல்வம்மாள் சோற்றுப் பருக்கை கொண்டுவந்து தானே தேய்த்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"குடு, நான் போட்டுட்டு வரேன்," என்றார் கருப்பண்ணன்.

"வேணாம்ப்பா. நானே போயிட்டு வரேன்."

பஸ் நிற்கிற இடத்தில் தபால் பெட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தபால் எடுக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். இன்று போட்டாலும் நாளை போட்டாலும் ஒன்றுதான். நாளை என்றால் இன்னொரு ராத்திரி யோசிக்கவேண்டியிருக்கும். பெட்டியின் வாயில் கடிதத்தைப் பாதி நுழைத்தபடி நின்றாள். "என்ன பதில் வந்தாலும் கூட இருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையை விட்டாள்.


பெட்டி காலியாக இருந்ததால், கடிதம் அடியில் விழுந்த சத்தம் நன்றாகவே கேட்டது.