பாண்டியின் பிடிமண்

கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் கொடுத்த முத்துவீரன், நெம்பாமல் அப்படியே நின்றார். எழுபத்தெட்டு வயது. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்த உடம்பு. இன்றைக்கும் கல்லல் சந்தையிலிருந்து அரிசிச் சிப்பத்தைத் தோளில் போட்டு வருகிற மனுசன். பாரத்துக்கு அவர் தயங்கவில்லை என்பது மகள் நாகஜோதிக்கு மட்டும்தான் தெரியும்.

"நெம்புங்க. என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்றாள் அவர் மனைவி கருப்பி. அவள் மடியில் ஒரு புதுச் சட்டை இருந்தது. நாலு வயசுப் பிள்ளைக்கு ஆகிற அளவு.

காரைக்குடி ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். அவர்கள் வயலில் ரோட்டோரத் துண்டு போகிறது. அதோடு வேப்பமரத்தடிப் பாண்டிச்சாமியும் போகிறார். பெரிய சாமி ஒன்றும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், அதில் மஞ்சள். நாகஜோதிக்குத் தம்பி, பூட்டானில் நாலு வயசில் செத்துப்போன பாண்டீஸ்வரன். ஜேசிபி ஓட்டுகிற ஏகப்பன் ஈரமுள்ள ஆள். "சாமிய எடுத்துக்கங்க ஆத்தா, நான் டீ குடிச்சிட்டு வாரேன்" என்று எந்திரத்தை அணைத்துவிட்டுப் போயிருந்தான். கல் போனால் வேறு கல். அடியில் இருக்கிற பித்தளைச் செம்புதான் முக்கியம். பிள்ளையைப் புதைத்த குழியில் அள்ளிய பிடிமண் அதில்தான் இருக்கிறது. அதை வீட்டுக் கொல்லையில் வைத்தால் பாண்டியும் கூடவே வந்துவிடுவான் என்று கருப்பி நம்பினாள்.

நாகஜோதி நம்பவில்லை. செம்புக்குள் மண்ணா இருக்கப்போகிறது? சாம்பல் இருக்கும். அதை அம்மா பார்த்துவிட்டால் என்ன ஆவாள்?

"ஃபாரின்ல குடும்பத்தோட இருக்காக" என்று அப்போது கல்லலில் சொந்தக்காரர்கள் பெருமையடிப்பார்களாம். நல்ல ஃபாரின்! பூட்டான் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போன நம் பட்டாளத்துக்கு மலைக்கு நடுவே தகரக் கூரை போட்ட மரவீடுகள். குளிர்காலத்தில் குழாயில் தண்ணீர் கல்லாகிவிடும். ஆற்றங்கரையில் கறுப்பு மண்ணை அள்ளிவந்து கருப்பி அடுப்பை மெழுகுவாள். அதே மண்ணைப் பால்பவுடர் டப்பாவில் நிரப்பி, ஊர் மிளகாய் விதையைப் போடுவாள். இரண்டு இலை விடும், கருகிவிடும். அந்த மண்ணை அவள் திட்டாத நாள் கிடையாது. பாண்டி மூன்று ஸ்வெட்டருக்குள் உருண்டையாக நின்று, போகிற வருகிற ஜீப்புக்கெல்லாம் சல்யூட் அடிப்பான். அப்பாவின் பூட்ஸுக்குள் இரண்டு காலையும் விட்டு நின்றுகொண்டு, நடக்க வரவில்லை என்று அழுவான்.

அந்த மார்கழியில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பனி விழுந்து கணவாய் அடைத்துக்கொண்டது; ஹெலிகாப்டரும் வர முடியவில்லை. முகாம் டாக்டர் தன்னால் ஆனதெல்லாம் செய்துவிட்டு, கடைசியில் அவரே அழுதார்.

அவர்கள் வகையறாவில் பல் விழுந்து முளைக்காத பிள்ளையை எரிக்க மாட்டார்கள். எரித்தால் சாமியாக வீடு திரும்பாது, காற்றோடு காற்றாக அலையும் என்பார்கள். காட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை, கருப்பி வீட்டுக்குள் விழுந்து கிடந்தாள். எட்டு வயது நாகஜோதி ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஆற்றுக்கு அக்கரையில் ஜவான்கள் மாறிமாறிக் கடப்பாரை போட்டார்கள். உறைந்த தரையில் இரும்போடு இரும்பு மோதுகிற மாதிரிச் சத்தம். பிறகு சத்தம் நின்றது. பிறகு புகை வந்தது.

"அது என்னப்பா தீ?" என்று, திரும்பி வந்தவரிடம் கேட்டாள்.

"ஜவான்க குளிர் காயுறாகத்தா."

கருப்பியிடம், பைன் மரத்தடியில் ஆள் ஆழத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். முத்துவீரன் புளுகு முப்பத்தேழு வருசம் நின்றது. பெரியவளாகி, ஊர்ச் சுடுகாட்டுப் புகையைப் பார்த்த அன்றைக்குத்தான் நாகஜோதிக்கு உறைத்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. மாசிக்கு மாசி அம்மா இந்தக் கல்லுக்குப் புதுச் சட்டை சாத்தி, பொங்கல் வைத்து, "வந்துட்டியா ராசா" என்று கேட்கும்போது எப்படித் திறப்பாள்?

"விடு கருப்பி" என்றார் முத்துவீரன். "சாமிய அசைக்கக் கூடாது. அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

"ரோலர் வண்டிக்குக் கீழயா?"

நாகஜோதி கடப்பாரையை வாங்கினாள். "அம்மா, நீ வீட்டுக்குப் போயி வெளக்க ஏத்து. நான் எடுத்தாரேன்."

"ஏன், நான் பெத்த புள்ளைய நான் பாக்கக் கூடாதாக்கும்?" கருப்பி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கல் சாய்ந்தது. செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. நாகஜோதி அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாயில் கட்டியிருந்த மக்கிய துணியைப் பிரித்தாள். உள்ளே சாம்பல் இல்லை. மண். அப்பாடா என்று இருந்தது. சந்தோஷத்தோடு அப்பாவைப் பார்த்தாள். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

அவள் காதருகே குனிந்தார். "விடிஞ்சு போயிப் பாத்தா இடுப்பளவு பனி. சாம்பலக்கூடத் தேட முடியலத்தா. வெறுஞ்செம்பத்தான் பெட்டியில வச்சுக் கொண்டாந்தேன். மண்ண இங்கனதான்..."

அதற்குள் கருப்பி செம்பை வாங்கி உள்ளங்கையில் கவிழ்த்துவிட்டாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போன கை பாதியில் நின்றது. விரலால் நெரித்தாள். மோந்து பார்த்தாள். ஆயுசெல்லாம் வயலில் நின்றவள். மண்ணைப் பற்றி அவளை ஏமாற்ற முடியுமா? செக்கச்செவேலென்ற கல்லல் மண்.

"அந்த ஊரு மண்ணு கறுப்பால்ல இருக்கும்" என்றாள் மெல்ல. "அடுப்பு மெழுகுவேனே. காஞ்சாலும் கறுப்புத்தான்."

இன்னொரு துளியை எடுத்து நெரித்தாள்.

"இது நம்ம வயக்காட்டு மண்ணு." புருசனை நிமிர்ந்து பார்த்தாள். "எம்புள்ள எங்க?"

முத்துவீரன் அதிகாரி முன்னால் நிற்பதுபோல் விறைத்து நின்றார். கண்ணிலிருந்து கோடாக வழிந்தது, துடைக்கவில்லை. "கடப்பாரை எறங்கலடி கருப்பி" என்றார். "எம்புட்டோ போட்டுப் பாத்தோம். எறங்கல. அதான்... தீயில..."

கருப்பி அழுவாள் என்று நாகஜோதி நினைத்தாள். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுகூட நினைத்தாள். அழுதிருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதிருப்பாள். கருப்பி கையிலிருந்த மண்ணை அது வந்த குழியிலேயே தட்டிவிட்டாள். ரோட்டில் ஏகப்பன் திரும்பி வந்து வண்டியில் ஏறுவது தெரிந்தது.

மடியிலிருந்து சட்டையை எடுத்தாள். பழக்கத்தில் கல் இருந்த பக்கம் திரும்பியவள், குழியைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"இத எங்குட்டு வைக்க?"

ஜேசிபி உறுமியது. கருப்பி சட்டையை மடியில் விரித்து, காலரில் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். பிள்ளைக்குக் குத்திவிடும் என்று எல்லா வருசமும் கழற்றுவாள். வெள்ளைச் சட்டையில் தொட்ட இடமெல்லாம் சிவப்பாக மண் ஒட்டியது.