பீடத்துப் பறங்கிக்காய்

பறங்கிக்காயை இரண்டு பேர் தூக்கி வந்து மேஜைமேல் வைத்ததும் ஆஞ்சலா கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். யோசித்துப் பிடிக்கவில்லை. கை தானாகப் போய்விட்டது. லாயிட் திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் வளாகத்துச் சாமியானாவின் கீழே, பிளாஸ்டிக் நாற்காலிகளில், ரிச்சர்ட்ஸ் டவுன் சபை முழுவதும் பிரியாணி டோக்கனோடு உட்கார்ந்திருந்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கேக்குகளும் அச்சு முறுக்கு டப்பாக்களும் ஒரு நாட்டுச் சேவலும் போய்விட்டன. காலை ஆராதனையில் பீடத்துக்கு முன்னால் இருந்த பறங்கிக்காய் எப்போதுமே கடைசியில்தான் வரும்.

"வந்துட்டாருப்பா நம்ம ஹீரோ," என்றார் ஏலம் விடுகிற பால்ராஜ். கோலார் தங்கவயல்காரர். அவர் குரலுக்கு மைக்கே தேவையில்லை. "பிரியாணி வாசனைக்கு யாரும் எழுந்துடாதீங்க, ஸ்வல்ப பொறுங்க. என்ன லாயிட் அண்ணா, ஸ்டார்ட் பண்லாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். லாயிட்டும் சிரித்தார். அவருடைய மணிக்கட்டில் நாடி ஓடுவது ஆஞ்சலாவின் விரல்களுக்குத் தெரிந்தது.

இந்தக் காயை ஏலம் எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். "சபைக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். உடனே மறுபடியும் ஏலம். கேட்க ஆளில்லாமல் போகிறவரை ஒரே காய் சுற்றிக்கொண்டிருக்கும். கொடுக்கிறவர்களுக்கு அதில் ஒரு குதூகலம். போன வருஷம் லாயிட் அதை எடுத்தார், கொடுத்தார், மறுபடியும் எடுத்தார். எதிரே யாரும் இல்லாதபோது தன் விலைக்கு மேல் தானே கேட்டார். சபை கைதட்டியது. ஆஞ்சலா அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி பஸ்ஸில் தொற்றிக்கொள்ள ஓடுகிறவனுடைய முகம் அது.

பைபாஸ் முடிந்து அவர் பிழைத்து வந்தபோது அவளும்தான் கூடவே நின்று ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தாள். காரை ஆனேக்கல் பக்கத்துக் கிராம ஊழியத்துக்குக் கொடுத்தபோதுகூட அவளுக்கு நிறைவாகவே இருந்தது. போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவெல்லாம் மழைத் தண்ணீர். கோயிலுக்குப் போக முடியவில்லை. அன்று முழுவதும் லாயிட் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. மறுநாள் தலைகூட வாராமல் ஆயரின் குருமனைக்கு நடந்தே போய்க் காணிக்கையைக் கொடுத்துவிட்டு வந்து, இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போது முகத்தில் அப்படி ஓர் அமைதி. சட்னியை ஊற்றிக்கொண்டிருந்த ஆஞ்சலாவின் கரண்டி பாதியில் நின்றது. இது நன்றி இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பெயர் பயம். அந்தப் பெயரை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஆயருக்கும் அது தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்தவர், "ஆண்டவர் வட்டிக்கு விடறவர் இல்ல அங்கிள்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நெஞ்சைப் பொளந்தது உங்களுக்கு இல்லயே பாஸ்டர்," என்று லாயிட் சிரித்துக்கொண்டே சொன்னார். இளம் ஆயர் காபியைக் குடித்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

இப்போது வால்வு சுருங்குகிறதாம். அடுத்த மழைக்காலத்துக்குள் இன்னொரு ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மிச்சமிருப்பது அதற்கென்று வைத்த ஒரே டெபாசிட். வைட்ஃபீல்டில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் மகள் மோனிகா காலையில் போனில் கத்தினாள்: "டாடி கையைத் தூக்கினா இழுத்து உக்கார வை மம்மி. எல்லாம் சிரிச்சா சிரிக்கட்டும்." ஆஞ்சலா கணவரிடம் வாக்கு வாங்கினாள். "ஒண்ணுமே கேக்க மாட்டேன், போதுமா?" என்றார் அவர்.

முன்வரிசையில் புது மாப்பிள்ளை ஒருவன் விலை சொன்னான்.

"மாப்பிள்ளை கேட்டுட்டாரு! பொண்ணு மூஞ்சைப் பாருங்க, வீட்டுக்குப் போனா இருக்கு அவருக்கு," என்றார் பால்ராஜ். "மேல யாரு? லாயிட் அண்ணா இன்னைக்கு சைலண்ட். அக்கா கையைப் புடிச்சிருக்காங்கப்பா, லவ்வு!"

மறுபடியும் சிரிப்பு. லாயிட் சிரிக்கவில்லை. அவர் கண் காயின்மேல் இருந்தது. உதட்டின் மேல் வேர்த்திருந்தது.

"விடு ஆஞ்சு."

"காலையில என்னங்க சொன்னீங்க?"

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது." அவர் கண் காயிலிருந்து கோயில் வாசலுக்குப் போனது. "கேட்டுட்டு இருந்திருப்பாரு."

ஆண்டவரைத்தான் சொன்னார். வெயிலில் சாமியானாத் துணி மேலே உப்பி இறங்கியது. கோயில் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே யாரும் இல்லாத பீடத்துக்கு முன்னால் காய் இருந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது. அந்த இடத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"ஒரு தரம்," என்றார் பால்ராஜ்.

நாடி இரண்டு முறை துடித்து ஒரு முறை நின்றது. அவள் தன் விரலை நம்பாமல் இன்னும் அழுத்திப் பிடித்தாள். இதெல்லாம் மடமை என்று அவளுக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கிருபை என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கிறவள் அவள். இலவசம், யாரும் சம்பாதிக்க முடியாது, யாரும் விலை கொடுக்க முடியாது என்று அவள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். ஆனாலும் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருந்த இரும்பு பெஞ்சு நினைவுக்கு வந்தது. பச்சை உடையில் டாக்டர் வருகிறார், முகமூடியை இறக்குகிறார். என்ன சொல்லப்போகிறார்? அப்போது இந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வராதா? கையைப் பிடித்து நிறுத்தியவள் நீதானே என்று யாரும் கேட்க வேண்டாம். அவளே கேட்டுக்கொள்வாள்.

"ரெண்டு தரம்... சீக்கிரம்பா, மட்டன் ஆறுது."

நாடி மறுபடியும் நின்றது. அடுத்த துடிப்புக்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. வர நேரமாகிறது. இன்னும் வரவில்லை.

"அடடா!" மைக் கீச்சிட்டது. "பாருங்கப்பா! அண்ணன விட்டுட்டு அக்காவே கேக்கறாங்க!"

சபை முழுவதும் திரும்பியது. யாரோ விசிலடித்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "அப்படிப் போடுங்க ஆன்ட்டி!" என்றது. அப்புறம்தான் ஆஞ்சலா தன் வலக்கையைக் கண்டாள். அது தலைக்கு மேலே, விரல்கள் விரிந்து நின்றது. வளையல் முழங்கை வரை சரிந்திருந்தது. இடக்கைப் பிடிக்குள் லாயிட்டின் நாடி சீராக, அவசரமில்லாமல் ஓட ஆரம்பித்திருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்காவுக்கே! சபைக்குத்தானே அக்கா? சரி, மறுபடியும் ஆரம்பிக்கலாம். யாரு கேக்கறீங்க?" பால்ராஜ் காயைத் தட்டினார். பிறகு மைக்கைத் தாழ்த்திக்கொண்டு அவளிடம், "கையை இறக்குங்கக்கா, உங்க பேரை எழுதியாச்சு," என்றார்.

கை இறங்கவில்லை.