பிரிக்கச் சொன்னேன்

கொட்டகையை இடிக்க ஆள் கிடைப்பது சுலபம். பிரிக்க ஆள் கிடைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதலில் வந்த கான்ட்ராக்டர் வண்டியைவிட்டு இறங்காமலே, "ஒரு மணி நேரம்மா. மெஷினை விட்டா தரைமட்டம்" என்றார். எனக்கு வேண்டியதே அந்தக் கூரை மரங்கள்தான். வாடகை இடத்தைக் காலி செய்துவிட்டு வந்த என் ஆறு தையல் மெஷின்களும் தார்ப்பாய்க்கடியில் கிடந்தன. புதுப் பட்டறைக்குச் சுவர் எழும்பிவிட்டது. மழைக்கு முன்னால் கூரை ஏறவேண்டும். அப்பா போட்ட வைக்கோல் கொட்டகை சும்மாதான் நிற்கிறது, மரத்தை நீயே எடுத்துக்கொள் என்று அண்ணன் சொல்லியிருந்தான். இரண்டாவது கான்ட்ராக்டர் "நாளைக்கு வர்றேன்" என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

மூன்றாவதாக வந்த மேஸ்திரி அதிகம் பேசாதவர். உத்திரத்தைச் சுத்தியலால் தட்டி, காது வைத்துக் கேட்டார். எனக்குப் பிடித்துப்போயிற்று.

"பிரிச்சுக் குடுத்துடுங்க மேஸ்திரி. ஒரு மரம்கூட உடையக் கூடாது."

"அண்ணனுக்குத் தெரியுமில்ல?"

"அதெல்லாம் தெரியும்."

தகரம் வாங்க அலைந்துவிட்டு மூன்றாம் நாள் போனேன். கொட்டகை இருந்த இடம் துடைத்தாற்போல் இருந்தது. மரங்களில் சாக்பீஸால் எண் போட்டு அழகாக அடுக்கியிருந்தார். ஆனால் கூரையின் வலப்பக்கத்துக் கைமரங்கள் மட்டுமே இருந்தன.

"இடப்பக்கம் எங்கே?"

"அண்ணன் வீட்டுல இறக்கியாச்சு. உத்திரம் ஆளுக்கு மூணு. கூடக் குறைய இல்லம்மா" என்றார் பெருமையாக.

"யாரு சொன்னது?"

"நீங்கதானே பிரிச்சுக் குடுக்கச் சொன்னீங்க?"

அவரைத் திட்ட வாயெடுத்தேன். சொன்னது நான்தானே.

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"'அவளே சொன்னாளா?'ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. அப்புறம் வாசல்ல இறக்கச் சொல்லிட்டாரு."

நேரே அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். கூரை பாதியாய்ப் போனதுகூட அப்புறம்தான் உறைத்தது.

அண்ணன் வாசலில் ரம்பத்தோடு உட்கார்ந்திருந்தான். கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. எங்கள் குடும்பத்துக்கே உள்ள வியாதி. இரண்டு கைமரங்கள் ஏற்கெனவே விறகாகிவிட்டன. மூன்றாவது ரம்பத்தில் இருந்தது. என்னைப் பார்த்து 'வா' என்றுகூடச் சொல்லவில்லை.

"பங்கு வேணும்னா நேரா கேட்டிருக்கலாமே. மேஸ்திரிகிட்டயா சொல்லி அனுப்புவே? முழுசையும் உனக்குத்தானே குடுத்தேன்?"

"கொட்டகையைப் பிரிக்கச் சொன்னேண்ணா. நம்மளை இல்ல."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். பாதி ஆத்திரம், பாதி பயம்.

ரம்பம் நின்றது. அண்ணன் அதை உருவிக் கீழே போட்டுவிட்டு, அறுபட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"இது பாதிதான் போயிருக்கு. இரும்புப் பட்டை போட்டு முடுக்கிடலாம்."

மழைக்கு முன்னால் கூரை ஏறியது. இரண்டு மரம் புதிது, அண்ணன் செலவு. பட்டைக்கு நட்டு முடுக்கியதும் அவன்தான், மேஸ்திரியைத் தொடவிடவில்லை.

இப்போதும் பட்டறைக்கு வந்தால், என்னிடம் பேசுவதற்கு முன்னால் அண்ணாந்து அந்தப் பட்டையைத்தான் பார்க்கிறான். நானும் பார்க்கிறேன்.