பனி வண்டிக்குப் பின்னணி இசை

கையில் காசில்லாத இரண்டு பேர் உட்கார்ந்து செய்கிற வீடியோ கேமுக்குப் பின்னணி இசை வேண்டுமா வேண்டாமா என்பதுதான் ரெல்யாவுக்கும் நெவேனாவுக்கும் தினசரிச் சண்டை. செர்பியாவின் நோவி சாத் நகரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே அவர்கள் வாடகைக்குப் பிடித்திருந்த அறையில் இந்தச் சண்டை காபியோடு தொடங்கி, கீழே பல் ராவுகிற சத்தம் கேட்டதும் ஓயும். அந்தச் சத்தத்தில் யாருக்கும் பேசத் தோன்றாது.

அவர்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டில் சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. ஒரு மலைக் கிராமத்தில் பனி தள்ளும் வண்டியை ஓட்ட வேண்டும். ரோட்டைச் சுத்தம் செய்தால் பேக்கரி வண்டி மேலே வரும், பள்ளிக்கூட பஸ் கீழே போகும். அவ்வளவுதான். ரெல்யா படம் வரைவான், நெவேனா நிரல் எழுதுவாள். பனி விழுந்த ஊரில் எவன் வயலின் வாசிக்கிறான், சும்மா இருந்தாலே அழகு, அதற்குச் செலவும் இல்லை என்பது ரெல்யாவின் கட்சி. நெவேனாவுக்குப் பெரிதாகக் கட்சி ஒன்றும் இல்லை. ஊரில் இருக்கிற எல்லா விளையாட்டுக்கும் இசை இருக்கிறதே, நம்முடையதில் மட்டும் இல்லையென்றால் காசில்லாதவர்கள் என்று தெரிந்துவிடுமே என்ற கூச்சம்தான்.

சண்டையைத் தீர்த்து வைத்தது வாதம் அல்ல, வெசெலின். அவன் நெவேனாவின் கூம். அவள் கல்யாணத்தில் சாட்சியாகப் பக்கத்தில் நின்றவன், அவனுக்கு இவள் கூமா. செர்பியாவில் கூடப்பிறந்தவனோடுகூட மனஸ்தாபம் வைத்துக்கொள்ளலாம், கூமோடு வைத்துக்கொள்ள முடியாது. அவன் கேட்டதை இல்லையென்று சொல்வதும் வழக்கம் இல்லை, கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வது அதைவிடப் பெரிய அவமரியாதை. வெசெலின் கல்யாணங்களில் அக்கார்டியன் வாசித்துப் பிழைக்கிறவன். விஷயம் காதில் விழுந்ததும், இசையை நான் போடுகிறேன், காசு கீசு என்று பேசினால் எனக்குக் கோபம் வரும் என்று சொல்லிவிட்டான். ரெல்யா தலையில் கை வைத்துக்கொண்டான். பனிமலையில் கல்யாண மேளமா என்று நெவேனாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டான். கூம் கொடுக்கிறான், நான் என்ன செய்ய என்றாள் அவள். ரெல்யாவும் அந்த ஊர்க்காரன்தானே, அதற்கு மேல் பேசவில்லை.

வெசெலின் சளைக்காமல் பாட்டுகளை அனுப்பினான். நெவேனா முதலில் சிலவற்றைக் கேட்டாள், நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஒரே விளையாட்டை ஒரு நாளைக்கு நூறு தரம் ஓட்டிப் பார்க்கிறவளுக்கு, தேவகானமாக இருந்தாலும் தலைவலிதான். இலையுதிர்காலத்தில் ஒருநாள் இசைக்கான ஒலியளவைப் பூஜ்யத்துக்கு இறக்கி வைத்தாள். அதன் பிறகு ஏற்றவே இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிற பாதிப் பேர் செய்கிற காரியம்தான் இது.

குளிர்காலத்தில் தலைநகர் பெல்கிராதில் விளையாட்டுச் சந்தை கூடியது. சின்னச் சின்னக் குழுக்கள் மேசை போட்டு, வருகிறவர்களுக்குத் தங்கள் விளையாட்டை ஓட்டிக் காட்டுகிற சந்தை. கிளம்புகிற அவசரத்தில் நெவேனா தன் கணினியில் இருந்த விளையாட்டை அப்படியே இரண்டு லேப்டாப்பில் நகல் எடுத்தாள். அந்த விளையாட்டு, கடைசியாக வைத்த அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த வசதியைப் பெருமையோடு செய்து வைத்தவளே அவள்தான்.

சனிக்கிழமை வெசெலின் ஒரு கல்யாணத்தில் வாசிக்க வேண்டியிருந்தது, ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தான். சனிக்கிழமை வந்தவர்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், எழுந்திருக்கவே இல்லை. முதலில் நெவேனாவுக்குப் பெருமையாக இருந்தது. பிறகு தாடி வைத்த ஒருத்தர் எழுந்து, பனி நொறுங்குகிற சத்தம் தவிர வேறொன்றும் கேட்காமல் ஓட்டுவது என்ன சுகம் என்று சொல்லிவிட்டுப் போனார். நெவேனா அவசரமாக அந்த நாற்காலிக்குப் போனாள். ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள். வண்டி உறுமியது, பனி நொறுங்கியது, தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. கூமின் பாட்டு ஒரு துளிகூட இல்லை.

உடனே சரிசெய்திருப்பாள். அதற்குள் ப்ராக் நகரத்து வெளியீட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த ஹெலேனா என்ற அம்மாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் தொடங்கியவள், பாதியில் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கடைசிவரை ஓட்டினாள். எழுந்து, இசை வைக்காமல் விட்டதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நெவேனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நாங்களே வெளியிடுகிறோம், வரும் வாரம் பேசலாம், ஆனால் யார் சொன்னாலும் இசையை மட்டும் சேர்த்துவிடாதீர்கள் என்றாள்.

ரெல்யாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவன் ஒன்றும் நடக்காதது போல ஹெட்ஃபோன் ஒயரை நீவிச் சுருட்டினான். அதுதான் நெவேனாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நாளைக்கு வெசெலின் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஓரத்து லேப்டாப்பில் மட்டும் இசையை ஏற்றி வைப்பது, கூமை நேராக அங்கே கூட்டிப்போய் உட்கார வைப்பது.

"விருந்தாளிக்கு ஒரு பானை, வீட்டுக்கு ஒரு பானையா?" என்றான் ரெல்யா.

"நீ கொஞ்சம் வாய மூடு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் பசி தாங்காமல் நெவேனா பூரெக் என்கிற, கறி அடைத்துச் சுட்ட பலகாரம் வாங்கப் போனாள். எண்ணெய் ஊறிய பொட்டலத்தோடு திரும்பினால், வெசெலின் வந்திருந்தான். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை கசங்கியபடி, காதில் ஹெட்ஃபோனோடு, ஓரத்து லேப்டாப்பில் அல்ல, மற்றதில். ஓரத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தடுக்க முயன்றேன், எங்கே கேட்டான் என்று ரெல்யா கண்ணாலேயே சொன்னான்.

அவள் பின்னால் போய் நின்றாள். வெசெலின் வண்டியை ஓட்டிக்கொண்டே தலையை ஆட்டினான், மேசையில் விரலால் தாளம் போட்டான். ரோடு முழுக்கச் சுத்தமானதும் ஹெட்ஃபோனைக் கழற்றித் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"கூமா, அந்த சர்ச் தாண்டி ஒரு வளைவு வருதே, அங்க பாட்டு எப்படி எழும்புது பாத்தியா? நான் போட்டதுதான். ஆனா இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே தெரியாது."

ரெல்யா முகத்தை மறைக்க ஏதோ தேடுகிறவன் போல மேசைக்கு அடியில் குனிந்தான். மனப்பாடமான பாட்டு வெசெலினுக்குள்ளேயே ஓடியிருக்கிறது, பாவம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்குத் தப்பிக்கலாம். விளையாட்டு வெளியாகும் நாள்வரைகூடத் தப்பிக்கலாம். ஆனால் அந்தக் கலங்கிய கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல நெவேனாவுக்கு வாய் வரவில்லை.

"கூம், இதுல பாட்டு இல்ல. நேத்துலேந்தே இல்ல. நான் நிறுத்தி வெச்சிருந்தேன், அப்படியே காப்பி ஆயிடுச்சு."

அவன் ஹெட்ஃபோனை மறுபடி காதில் வைத்துக் கேட்டான். மெதுவாகக் கீழே வைத்தான்.

"எப்பலேந்து நிறுத்தி வெச்சிருக்க?"

"இலையுதிர்காலத்துலேந்து. வேல செய்யறப்ப சத்தம் வேணாம்னு..."

"அப்போ கடைசியா அனுப்பின மூணும்?"

நெவேனா பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சூப்பர்னு எழுதியிருந்தியே," என்றான் வெசெலின். "பக்கத்துல ஒரு இதயம் வேற போட்டிருந்த."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். நெவேனா பொட்டலத்தை ரெல்யாவின் கையில் திணித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவன் தன் காருக்குள் உட்கார்ந்திருந்தான். பின் சீட்டில் அக்கார்டியன் பெட்டி. அவள் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் இறங்கு என்று சொல்லவில்லை, அதுவே பெரிது. ப்ராக் அம்மாள் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். இனி மறைக்க என்ன இருக்கிறது.

"இசை வேணாம்னா எடுத்துடு," என்றான் அவன். "உன் விளையாட்டு, உனக்கு எது நல்லதோ அதப் பண்ணு. அதுக்கா நான் எழுந்து வந்தேன்? கல்யாணத்துல எவனும் கேக்கறதில்ல. வாய் நெறைய கறிய வெச்சுக்கிட்டுத் தலைய ஆட்டுவான், எழுந்து வந்து என் நெத்தியில பண நோட்ட ஒட்டுவான். அது பொழப்பு, விடு. இத நீ கேப்பேன்னு போட்டேன்."

நெவேனாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. இத்தனை நாள் விளையாட்டுக்கு இசை வேண்டுமா வேண்டாமா என்று வாய் கிழியப் பேசியவள், கையில் இருந்த இசையைக் கேட்கவில்லை. தன் போனை அணைத்துக் காரின் முன்பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"இப்ப போடு," என்றாள். "மூணையும் போடு."

அவன் நம்பாமல் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் போனிலிருந்து கார் ஸ்பீக்கரில் போட்டான். முதலாவது மெல்லியது, விடியற்காலை மாதிரி. இரண்டாவது அதைவிட நன்றாக இருந்தது. மூன்றாவது நன்றாகத் தொடங்கி, எங்கேயோ வழி தவறிச் சுற்றியது. முடிந்ததும் வெசெலின் அவள் பக்கம் திரும்பாமல் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். சூப்பர் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"முதல் ரெண்டும் நல்லாருக்கு கூம். மூணாவது இழுக்குது."

வெசெலின் சடாரென்று திரும்பினான்.

"எங்க?"

"நடுவுல. அதே அடி திரும்பத் திரும்ப வருதே, அங்க எனக்குப் பனியும் தெரியல, வண்டியும் தெரியல. உன் விரல் எவ்வளவு வேகமா ஓடுதுங்கறது மட்டும்தான் தெரியுது."

அவன் தன் சீட்டைப் பின்னால் தள்ளினான். இறக்கிவிடப் போகிறான் என்றுதான் நினைத்தாள். அவன் உடம்பை முறுக்கிப் பின்பக்கம் சாய்ந்து பெட்டியைத் திறந்தான், அக்கார்டியனை இழுத்துத் தன் வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே திணித்தான். ஹாரன் ஒருமுறை அலறி ஓய்ந்தது. பக்கத்துக் காரில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் முதல்லேந்து வாசிக்கறேன்," என்றான். "எந்த இடத்துல இழுக்குதோ அங்க என் கையப் பிடிச்சு நிறுத்து."