எட்டு நாள் விடுமுறை

அச்சிரி தன் பாஸ்போர்ட்டைக் குடியேற்ற அலுவலகத்தில் கொடுத்தது செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி. விசா முடிய இன்னும் நாற்பது நாள் இருந்தது. அவ்வளவு அவசரம் தேவையே இல்லை. அவசரப்படுத்தியது ஓட்டுநர் உரிமம்.

சீனாவின் ஃபோஷான் நகரத்தில் ஓடுகள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் வியாபாரிகளைத் தொழிற்சாலை தொழிற்சாலையாக அழைத்துக்கொண்டு போக வேண்டும். கேமரூனில் இருந்தபோது பத்து வருஷம் பமெண்டாவுக்கும் துவாலாவுக்கும் இடையே பஸ் ஓட்டியவன். இங்கே அந்த உரிமம் செல்லாது. மொழிபெயர்த்துக் கொடுத்தான், கண் பரிசோதனை முடித்தான், எழுத்துத் தேர்வுக்கு ஆயிரம் கேள்விகளை மனப்பாடம் செய்தான். கடைசியில், விசாவில் மூன்று மாதம்கூட மிச்சமில்லை, தற்காலிக உரிமம்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். முதலில் விசாவைப் புதுப்பித்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

கம்பெனி டிரைவர் காங், ஐம்பது வயதுக்காரர், அன்றைக்கே தடுத்தார்.

"ஒண்ணாந்தேதியிலேர்ந்து எட்டு நாள் தேசிய விடுமுறை, ஆபீஸ் பூரா பூட்டிக் கெடக்கும். அது முடிஞ்சு குடேன்டா தம்பி. என்ன கொள்ளை போகுது?"

"எவ்வளவு சீக்கிரம் குடுக்குறேனோ அவ்வளவு சீக்கிரம் லைசன்ஸ் வரும் அண்ணே. நீங்களும் கொஞ்சம் முதுகை நிமித்தலாம்ல."

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு சீனா முழுக்கச் சுற்றலாம். சீனாவை விட்டு வெளியே மட்டும் போக முடியாது.

அக்டோபர் இரண்டாம் தேதி, பமெண்டாவில் இருந்த அவன் அக்கா லும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். அவளும் அச்சிரியும் இரட்டையர். கால் மணி நேரம் முன்னால் பிறந்தவள் அவள். குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ் பரவிவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு போனில் பேசினாள். குரல் கிழிந்த துணி மாதிரி இருந்தது, வாய் மட்டும் அடங்கவில்லை.

"டேய், பஸ்ஸே ஓட்டினவனுக்கு அங்க எழுத்துப் பரீட்சையாமே? நீ அஞ்சாங்கிளாஸ்லயே என்னைப் பாத்துதானே எழுதுன. இப்ப யாரைப் பாத்து எழுதுவ?"

"வாயை மூடிட்டுத் தூங்குடி."

"அச்சிரி." அவள் குரல் தணிந்தது. "வந்துட்டுப் போடா. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

லும் பயமென்று சொல்லி அவன் கேட்டதே இல்லை.

மறுநாள் காலையில் குடியேற்ற அலுவலகத்துக்கு ஓடினான். கதவு பூட்டியிருந்தது. வாசலில் ஒட்டியிருந்த அவசர எண்ணுக்குப் பேசியதும் விடுமுறைப் பணியில் இருந்த பெண் அதிகாரி ஒருத்தி இறங்கி வந்தாள். பொறுமையாகக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக் கடிதமும், மனுவைத் திரும்ப வாங்குறோம்னு உங்க கம்பெனி கடிதமும் கொண்டாங்க. கம்பெனி முத்திரை இருக்கணும். நான் பீரோவைத் திறக்கச் சொல்லி எடுத்துத் தரேன்."

ஆஸ்பத்திரிக் கடிதத்தை லுமின் கணவன் ஒரு மணி நேரத்தில் போனில் அனுப்பிவிட்டான். முத்திரைதான் இல்லை. மேலாளர் பெங் அந்தச் சிவப்பு முத்திரையை யாரிடமும் நம்பிக் கொடுக்க மாட்டார். ஹுனானில் இருக்கும் சொந்த ஊருக்குப் போனபோதும் கைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார். எழுநூறு கிலோமீட்டர். ரயிலில் ஒரு இருக்கை இல்லை, கூரியர் எதுவும் நேரத்துக்கு வந்து சேராது.

"நான் ஓட்டுறேன்," என்றார் காங். "விடியக்காலைல கெளம்பு."

"உங்களுக்கு லீவு அண்ணே."

"ஆமா, லீவு. வீட்ல உக்காந்தா அவ மீன் கழுவச் சொல்லுவா. நீ ஏறு."

ஒன்பது மணி நேரப் பயணம். ஆனால் ஊருக்குப் போகிற நாடே அன்று அந்தச் சாலையில் நின்றது. கார்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. ஜனங்கள் இறங்கிச் சாலையிலேயே சீட்டாடினார்கள். மதியம் ஒன்றரை மணிக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை. காங்கின் கண் இரண்டும் சிவந்துவிட்டது. வண்டி ஒருமுறை கோட்டைத் தாண்டி விலகியது, பக்கத்து லாரிக்காரன் கத்தினான்.

ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினார் காங்.

"கொஞ்ச நேரம் தம்பி. முடியல. ரெண்டு பேரையும் கொன்னுருவேன்."

"தூங்குங்க அண்ணே."

காங் இருக்கையைச் சாய்த்ததுமே தூங்கிப்போனார். சாவி வண்டியிலேயே தொங்கியது. அச்சிரி அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மழையில் சேறான மலைப்பாதையில் எழுபது பேரை ஏற்றிக்கொண்டு போனவன் அவன். கையை நீட்டித் திருகினால் வண்டி போகும். வழியில் நிறுத்திக் கேட்டால் உரிமம் இல்லை, பாஸ்போர்ட் இல்லை, ஒரு ரசீதுதான். காங்கின் வேலையும் போய்விடும். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டான்.

இரண்டேகாலுக்குப் போன் வந்தது. அங்கே காலை ஏழேகால். லுமின் கணவன். பெயரைச் சொல்லி அழைத்தான், அதற்குமேல் அவனால் எதுவும் சொல்ல முடியவில்லை. அச்சிரிக்குப் புரிந்துவிட்டது.

அவன் காங்கை எழுப்பவில்லை. வெளியே அவித்த சோளம் விற்கிற இடத்தில் ஒரு பெண் பாட்டுப் பாடியபடி சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள். சட்டையைக் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதான்.

காங் விழித்து நேரத்தைப் பார்த்துப் பதறினார். "ரெண்டு மணி நேரமா! ஏன்டா எழுப்பல?" பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"போயிட்டா அண்ணே."

காங் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"நான் தூங்கிட்டேன்," என்றார். "தூங்கிட்டேன்டா."

"நீங்க தூங்காட்டியும் இன்னைக்குப் போயிருக்க முடியாது. நான்தான். முப்பது நாள் கழிச்சுக் குடுத்திருக்கலாம். இப்ப பாஸ்போர்ட் பையில இருந்திருக்கும், அன்னைக்கே ஏறியிருப்பேன்."

"திரும்பிடலாமா?"

"வேணாம். அடக்கத்துக்காவது போகணும்."

பெங் வீட்டில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு, ஆறாம் தேதி காலை அதே அலுவலகத்துக்கு வந்தார்கள். அதிகாரி காகிதங்களைச் சரிபார்த்தாள். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் நோயாளி கவலைக்கிடம் என்று இருந்தது. இறந்துவிட்டாள் என்று சொன்னால் வேறு கடிதம் கேட்பார்களோ, இன்னொரு நாள் போய்விடுமோ என்று அச்சிரி வாய் திறக்கவில்லை.

பாஸ்போர்ட்டை நீட்டியபோது அவள் லேசாகச் சிரித்தாள்.

"சீக்கிரம் போங்க. அக்காவைப் பாத்துருவீங்க."

"சரிங்க," என்றான். "ரொம்ப நன்றி."

அவன் அடிஸ் அபாபாவில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது லுமை அடக்கம் செய்துவிட்டார்கள். அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. மறுநாள் மாலை பமெண்டாவுக்குப் போய்ச் சேர்ந்தான். மண் இன்னும் ஈரமாக இருந்தது. லுமின் கணவன் அவன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"கடைசி ராத்திரி பூரா, அவன் எங்க வந்துட்டான், எங்க வந்துட்டான்னு கேட்டுக்கிட்டே இருந்தா மச்சான். என்னால தாங்க முடியல. பிளேன் ஏறிட்டான்னு பொய் சொல்லிட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"அவனுக்கு ஜன்னல் சீட்டு கிடைச்சுதான்னு கேட்டா. கிடைச்சுதுன்னு சொன்னேன். அப்புறம்தான் தூங்குனா."