திருப்திக் கட்டத்தில் ஏழு டிக்

என் வீட்டுக்காரர் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் ஒருவர் முகம் சுளித்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அதனாலேயே தானும் யாரிடமும் முகம் சுளிக்க மாட்டார். இந்தத் தங்கமான குணத்தோடு பதினாறு வருஷம் குப்பை கொட்டியவள் சொல்கிறேன், அது சில சமயம் பெரிய இம்சை.

வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தில் புதுக் கார் வாங்கினோம். மூன்றாம் நாளே நடுரோட்டில் நின்றது, பின்னால் லாரி. "சரி பண்ணியாச்சு சார்" என்றார்கள் ஷோரூமில். மறுபடி நின்றது. இரண்டு மாதத்தில் ஏழு தடவை அவர்தான் கொண்டுபோய் விட்டார். ரசீது கிடைத்ததோ இரண்டுக்குத்தான். மற்றதெல்லாம் இலவச வேலையாம், அதற்குத் தாள் கிடையாதாம். கேட்டு வாங்க இவருக்கும் வாய் வரவில்லை.

நானே மனு எழுதி நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனேன். இவரிடம் ஒன்றே ஒன்று சொல்லிவைத்தேன்: "அங்க வந்து நீங்க வாயத் திறக்கக் கூடாது."

விசாரணை அன்று ஷோரூம் வக்கீல் ஒரு கட்டுத் தாளை நீட்டினார். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஷோரூமில் எழுதி வாங்கும் ஏழு படிவங்கள். ஏழிலும் 'மிகவும் திருப்தி' என்ற கட்டத்தில் டிக். கீழே என் வீட்டுக்காரரின் அழகான கையெழுத்து.

போச்சு, சேர்த்ததெல்லாம் போச்சு.

"திருப்தின்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க?" என்று நீதிபதி அம்மா இவரைக் கேட்டார்.

"ஆமாங்கம்மா" என்று எழுந்தார். "அங்க வேலை பாக்கற தம்பி வண்டிய நல்லாத் துடைச்சுக் குடுத்தாரு. டிக் போடலைன்னா மேனேஜர் திட்டுவாருன்னாரு. நானும் நின்னு வேலை செய்யறவன்தாம்மா. அவரு வேலைக்குத்தான் டிக் போட்டேன். வண்டி எங்கம்மா திருப்தியா ஓடுச்சு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"வண்டி ரெண்டே தடவைதான் வந்துச்சுன்னு பதில் மனுல சொல்லியிருக்கீங்க" என்றார் வக்கீலிடம். "இங்க ஏழு தேதி இருக்கு. வந்த காரணம், 'ஓடும்போது நின்றுவிடுகிறது'. ஏழுலயும் உங்க ஆளே எழுதியிருக்காரு."

வக்கீல் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார்.

"மாத்து வண்டி வேணுமா, பணம் வேணுமா?" என்று நீதிபதி என்னிடம் திரும்பினார். பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனாலும், "அவரையே கேளுங்கம்மா" என்றேன்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பணத்தத் திருப்பிக் குடுத்துடச் சொல்லுங்கம்மா. வண்டிய விட்டுட்டு அங்கயே காத்துக் கிடந்ததுல ஏழு நாள் கடை தொறக்கல. அதுக்கும் சேத்துக் குடுக்கச் சொல்லுங்க."

மீதிச் சில்லறையைக்கூட எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்ளும் மனுஷன்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அதையும் சேத்து எழுதிக்குங்க" என்று நீதிபதி அம்மா எழுத்தரிடம் சொன்னார்.